எந்த ஊர்ப் பாம்பின் விஷம்?

புதுச்சேரித் தமிழர்கள் பலர் குமாஸ்தாக்களாகவும் காவலர்களாகவும் வியட்நாமின் சைகோனுக்குப் போய்ப் பிரெஞ்சு அரசிடம் வேலை பார்த்த காலம் அது. 1891இல் அதே சைகோனில் ஆல்பர்ட் கால்மெட் என்ற இளம் மருத்துவர் பாஸ்டர் ஆய்வகத்தைத் தொடங்கினார். தெற்கே பாக் லியூ பகுதியில் வெள்ளம் வந்து நாகப்பாம்புகள் ஊருக்குள் புகுந்தன. பலர் கடிபட்டார்கள். பிடித்த பாம்புகளைப் பீப்பாயில் அடைத்து அவரிடம் அனுப்பினார்கள். அந்த விஷத்தில் பிறந்த ஆராய்ச்சி, 1894இல் பிரான்சில் விஷமுறிவு சீரமாக உருவெடுத்தது. விலங்குக்குச் சிறிது சிறிதாக விஷத்தை ஏற்றினால் அதன் ரத்தத்தில் ஆன்டிபாடி உருவாகும். அதைப் பிரித்தெடுத்தால் மருந்து. ஆனால் இந்தச் சீரம் மற்றப் பாம்புகளின் விஷத்துக்கும் போதும் என்று கால்மெட் நம்பினார். அங்கேதான் பிழை. இந்தியாவில் ஜார்ஜ் லாம்ப் 1900களின் தொடக்கத்தில் நடத்திய சோதனைகளில், கண்ணாடி விரியன் விஷத்தை அது முறிக்கவில்லை. ஆன்டிபாடி தனக்குக் காட்டிய பொருளைத்தான் பிடிக்கும். ஆகவே விஷமுறிவு மருந்தின் வரலாற்றில் ஆய்வகத்துக்கு எவ்வளவு பங்கோ, பாம்பைப் பிடித்துக் கொடுத்த கைகளுக்கும் பிடித்த ஊருக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பது என் வாதம்.

இதற்கு நல்ல மறுப்பு ஒன்று கருவளர்ச்சி ஆராய்ச்சியிலிருந்து வரும். கருவில் தசையும் நரம்புக் குழாயும் உருவாகும்போது செயல்படும் பாக்ஸ்7 என்ற புரதத்தைக் காண உலகெங்கும் பயன்படும் ஆன்டிபாடி ஒன்று, 1986இல் தொடங்கி இன்று அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இயங்கும், ஆன்டிபாடி சுரக்கும் செல்களைச் சேமிக்கும் ஹைப்ரிடோமா வங்கியில் கிடைக்கிறது. கோழியின் புரதத்தைக் காட்டி உருவாக்கிய அது, எலியின் தசையிலும் வேலை செய்கிறது. அப்படியானால் மூலப்பொருள் எங்கிருந்து வந்தால் என்ன? விடை பரிணாமத்தில் இருக்கிறது. கருவை வடிவமைக்கும் இத்தகைய புரதங்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அதிகம் மாறவில்லை. பாம்பு விஷமோ இரைக்கும் இடத்துக்கும் ஏற்ப வேகமாக மாறுவது; ஒரே இனத்துக்குள்ளேயே ஊருக்கு ஊர் வேறுபடுவது. முன்னதற்குக் கிடைக்கும் சலுகை பின்னதற்குக் கிடையாது.

இந்தியாவின் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்தைக் குதிரைக்கு ஏற்றித் தயாராவது. அந்த விஷத்தின் பெரும்பகுதி சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வருகிறது. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத்தோல் வணிகம் முடங்கி, பிழைப்பு இழந்த இருளர்களுக்காக 1978இல் அமைந்த சங்கம். பிடித்த பாம்பை வாய்க்குத் துணி கட்டிய மண்பானையில் வைத்து, சில வாரங்களில் சில முறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுவார்கள். தடம் பார்த்து வளையைத் தோண்டும் இந்த அறிவை எந்தக் கல்லூரியும் கற்றுத்தரவில்லை. அதற்கு நாடு செலுத்திய மரியாதை போதாது.

புதுச்சேரியில் ஜிப்மருக்கு விழுப்புரம், கடலூர் வயல்களிலிருந்து கடிபட்டு வருவோருக்கு இந்த ஏற்பாடு ஒருவகையில் நல்வாய்ப்பு. மருந்துக்கான விஷமே பக்கத்து மாவட்டங்களின் பாம்புடையது. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடியில் கொஞ்சம் ரத்தத்தை உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்ப்பார்கள். உறையாமல் ஓடினால் மருந்து ஏற்றுவார்கள். ஆனால் ராஜஸ்தானின் சிந்து கட்டுவிரியன், வடகிழக்கின் ஒற்றை வட்ட நாகம் ஆகியவற்றின் விஷத்தை இதே மருந்து சரியாக முறிப்பதில்லை என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வுகள் 2019 முதல் காட்டிவருகின்றன.

வட்டாரத்துக்கு ஒரு மருந்து என்றால் விலை ஏறும், கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேராது என்பார்கள். கவலை நியாயமானது; இன்றைய மருந்தால் பிழைத்தவர்கள் ஏராளம். ஆனால் அதை நிறுத்தச் சொல்லவில்லை. குதிரைக்கு ஏற்றும் விஷத்தில் பிற வட்டாரங்களின் பங்கையும் சேர்க்கச் சொல்கிறோம். செயற்கை ஆன்டிபாடி வந்தால் குதிரையே வேண்டாம் என்பதும் முழு விடையாகாது, அதையும் ஏதோவொரு விஷத்தைக் காட்டித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மூக்கன் விரியன் இன்னும் அந்த நான்கின் பட்டியலில் சேரவில்லை. அதனிடம் கடிபடும் தோட்டத் தொழிலாளிக்கு உரிய மருந்தே நம்மிடம் கிடையாது.