பார்ப்பவருக்கான விதியும் படைப்பவருக்கான மதிப்பெண்ணும்: மாணவர் பல்லூடகச் செயல்திட்ட மதிப்பீடு குறித்து

மாணவர்கள் தயாரிக்கும் காணொளிகளுக்கும் கணினிப் படக்காட்சிகளுக்கும் எதைப் பார்த்து மதிப்பெண் போடுவது என்ற கேள்விக்கு ஆய்வாளர்களில் ஒரு சாராரிடம் ஆயத்தமான விடை இருக்கிறது. கல்வி உளவியலாளர் ரிச்சர்டு மேயரின் பல்லூடகக் கற்றல் கொள்கைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் மதிப்பீட்டு அட்டவணையில் ஒரு கூறாக்கிவிடுகிறார்கள். பின்னணி இசை சேர்த்தால் மதிப்பெண் குறையும்; படத்தின் பாகத்துக்கு அருகிலேயே அதன் பெயர் இருந்தால் கூடும்; திரையில் உள்ள வாக்கியத்தையே குரலும் படித்தால் மறுபடி குறையும். சோதனைகளில் நிறுவப்பட்ட கொள்கைகள் என்பதால் அட்டவணையும் அறிவியல் வழிப்பட்டது என்று கொள்ளப்படுகிறது. அந்தச் சோதனைகளில் முக்கியமான ஒன்றை நிதானமாகப் படித்தால் இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் கிடைக்காது என்பதே என் வாதம்.

ரொக்ஸானா மொரேனோவும் மேயரும் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வைச் சொல்கிறேன். மின்னல் எப்படி உருவாகிறது என்பதை விளக்கும் அசைபடம் முதல் சோதனையிலும், ஹைட்ராலிக் பிரேக் இயங்கும் விதத்தை விளக்கும் அசைபடம் இரண்டாவதிலும் காட்டப்பட்டன. ஒரு குழுவுக்கு விளக்கக் குரல் மட்டும். மற்றக் குழுக்களுக்கு அதனோடு இசை, அல்லது ஓசைகள், அல்லது இரண்டும். பார்த்து முடித்தவர்களிடம், நினைவில் நின்றது எவ்வளவு, கற்றதைப் புதிய சிக்கலில் பயன்படுத்த முடிகிறதா என்று இருவகையில் தேர்வு வைத்தார்கள். இசை கேட்ட குழுக்கள் இரு சோதனைகளிலும் பின்தங்கின. ஓசைகளோ பிரேக் பாடத்தில் மட்டுமே தடையாயின. மின்னல் பாடத்தில் அவற்றால் அத்தகைய இழப்பு தென்படவில்லை. அட்டவணை வகுப்பவர்கள் இரண்டையும் ‘தேவையற்ற ஒலி’ என்று ஒரே வரியில் அடக்கும்போது இந்த வேறுபாடு காணாமல் போகிறது. காரணத்தை அறுதியிட்டுச் சொல்ல இரண்டு சோதனைகள் போதா. ஆனாலும், ஓர் ஓசை தேவையானதா இல்லையா என்பது அது பாடப்பொருளோடு எப்படிப் பொருந்துகிறது என்பதைப் பொறுத்தது என்று கருத இடமிருக்கிறது. இதைவிட அடிப்படையான சிக்கல் வேறு. தேர்வு எழுதிய ஒருவரும் அந்தப் படங்களை உருவாக்கியவர் அல்லர். பார்த்தவர் என்ன கற்றார் என்பது அளக்கப்பட்டது. படைத்தவருக்கு என்ன தெரியும் என்ற கேள்வி அங்கே எழவே இல்லை.

அதே மின்னலைப் பற்றி மாணவர்கள் காணொளி செய்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு மாணவி ஒளி வெட்டி ஏறக்குறைய மூன்று வினாடி கழித்து இடியோசையை வைக்கிறாள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். அவள் மனதில் உள்ள மேகம் ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இன்னொருவன் ஒளியையும் ஓசையையும் ஒன்றாகவே வைக்கிறான். மூன்றாமவன் ஓசையே சேர்க்கவில்லை. அட்டவணையை அப்படியே பிடித்துக்கொண்டால் மூன்றாமவனுக்கு முழு மதிப்பெண், மற்ற இருவருக்கும் குறைவு. முதலாவது ஓசை பாடத்தோடு தொடர்புடையது, அதற்குக் குறைக்க வேண்டியதில்லை என்று மறுப்பவர் என் பக்கம் வந்துவிடுகிறார். தொடர்புடையது என்று அவர் எப்படி அறிந்தார்? அந்த இடைவெளி கணக்கிட்டு வைத்ததா, தொகுக்கும்போது தற்செயலாக நேர்ந்ததா என்பதைக் காணொளி சொல்லாது. இரண்டாமவனும் தலைக்கு நேர்மேலே வெட்டும் மின்னலைக் காட்ட நினைத்திருக்கலாம். ஏன் அங்கே வைத்தாய் என்று கேட்காமல் எவருடைய அறிவையும் மதிப்பிட முடியாது.

அட்டவணை இருந்தால் இரண்டு ஆசிரியர்கள் ஒரே மதிப்பெண் போடுகிறார்கள் என்பது அடிக்கடி சொல்லப்படும் பதில். இசை இருக்கிறதா என்று பார்ப்பதில் யாரும் ஒத்துப்போவார்கள்தான். ஆனால் ஒத்துப்போவது வேறு, அளக்க வேண்டியதை அளப்பது வேறு. செல்லுபடித்தன்மை என்பது மதிப்பெண்ணிலிருந்து நாம் எடுக்கும் முடிவுக்கு உரியது என்று உளவியல் அளவீட்டு அறிஞர் சாமுவேல் மெசிக் 1989இலேயே விரிவாக நிறுவினார். ஒருமித்த தவறும் தவறே. கேன்வா போன்ற செயலிகளின் ஆயத்த வார்ப்புகளில் சொல்லும் படமும் அருகருகே அமைந்தே வருகின்றன. அட்டவணை பாராட்டும் ஒழுங்கில் எவ்வளவு மாணவருடையது, எவ்வளவு செயலி வடிவமைத்தவருடையது? நல்ல கணினி உள்ள வீட்டுப் பிள்ளைக்கு இதில் கிடைக்கும் சலுகை சிறியதன்று. ஒவ்வொருவரையும் கேள்வி கேட்க நேரமில்லை என்பார்கள். முழுப் படத்தையும் பார்த்துப் பத்துக் கட்டங்களை நிரப்பும் நேரத்தில் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடலாம்.

படைப்பவர் பார்ப்பவரை எண்ணிச் செய்ய வேண்டாமா என்ற ஆட்சேபம் மட்டும் கனமானது. தெளிவாகச் சொல்வதும் ஒரு திறன்தான். மொழிப்பாடத்தில் அதற்கு மதிப்பெண் தருவது முறை. அறிவியலில் அதே தெளிவைப் பாடப்பொருள் புரிந்ததற்குச் சான்றாக எண்ணிவிடுவதே தவறு. தமிழ்நாட்டில் 2012-13இல் எட்டாம் வகுப்புவரை முப்பருவ முறை வந்தபோது 100இல் 40 மதிப்பெண் வளரறி மதிப்பீட்டுக்கு ஒதுக்கப்பட்டது. அதில் 20 செயல்பாடுகளுக்கு. இத்தகைய செயல்பாட்டு மதிப்பெண்ணுக்குள் காணொளியும் வருமானால், அதில் பெரும்பங்கு முடிந்த படத்துக்குப் போகக்கூடாது. காட்சி வரிசையை எழுதிய முதல் தாள், வெட்டி எறிந்த ஒரு காட்சி, அதை ஏன் எறிந்தார்கள் என்பதற்கு மாணவர் வாய்மொழியாகச் சொல்லும் காரணம் ஆகியவற்றுக்கே அது போக வேண்டும். குழுவாகச் செய்த படத்திலும் இதே கேள்வியைத் தனித்தனியாகக் கேட்டால், குரல் மட்டும் கொடுத்தவர் யார், பொருளைப் புரிந்து செய்தவர் யார் என்பது பெரும்பாலும் அந்தப் பதில்களிலேயே தெரிந்துவிடும்.