காற்றை வென்ற மிதிவண்டி

1992 பார்சிலோனா ஒலிம்பிக். 4,000 மீட்டர் துரத்தல் இறுதியில் பிரிட்டனின் கிறிஸ் போர்ட்மன், எதிராளியை எட்டிப் பிடித்தே தங்கம் வென்றார். அவர் ஓட்டிய லோட்டஸ் வண்டியில் குழாய்களே இல்லை. ஒரே வார்ப்பாக அமைந்த கார்பன் சட்டம். அதன் சாலை வடிவில்தான் 1994 டூர் டி பிரான்ஸ் தொடக்கச் சுற்றை மணிக்கு 55.152 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் வென்றார். அசுர வேகம்தான்!

பிறகு ஏன் எல்லாரும் அதையே ஓட்டவில்லை? எதிர்க்காற்றைக் கிழிக்கும் அகன்ற சட்டம், பக்கக்காற்றில் பாய்மரமாகிவிடும். மலையேற்றத்திலோ ஒவ்வொரு கிராமும் காலை வாட்டும்.

வெற்றி மனிதனுக்கா, இயந்திரத்துக்கா? மனிதனுக்கே என்றது அனைத்துலக மிதிவண்டிச் சம்மேளனத்தின் 1996 லுகானோ சாசனம். 2000 முதல் பழைய முக்கோணச் சட்டமும் குறைந்தது 6.8 கிலோ எடையும் கட்டாயமாயின. வேடிக்கை என்னவென்றால், அதற்குமேல் எடை குறைக்க வழியற்ற வடிவமைப்பாளர்கள், மிச்சப்பட்ட கிராம்களைக் காற்றைக் கிழிக்கும் குழாய்களுக்கே செலவிட்டார்கள்.