மஞ்சள் அபாய வில்லன்

மஞ்சள் அபாய வில்லன் என்பது ஐரோப்பிய, அமெரிக்க அறிபுனைவிலும் மிகுபுனைவிலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து திரும்பத் திரும்பத் தோன்றும் கிழக்காசிய எதிரிப் பாத்திரம். தொங்கும் மீசை, நீண்ட நகம், பட்டு அங்கி, அளவிறந்த அறிவு, துளியும் இரக்கமின்மை ஆகியவை அவனுக்குரிய அடையாளங்கள். டாக்டர் ஃபூ மான்சூ, மோங்கோ கோளின் பேரரசன் மிங், மார்வெல் காமிக்ஸின் மாண்டரின் ஆகிய மூவரும் இவ்வரிசையில் பெயர்பெற்றவர்கள். ஆப்பிரிக்கரைப் பகைவராகக் காட்டிய அக்காலக் கதைகள் பெரும்பாலும் அவர்களை அறியாமையில் உழல்பவர்களாகவே தீட்டின. இந்த வில்லனோ மேற்கின் அறிவியலை மேற்கத்தியரிடமே கற்று, அவர்களைவிடத் தேர்ச்சி பெற்றவன். அவன்மேல் எழுந்த அச்சம் அந்தத் தேர்ச்சியின்மேல் எழுந்த அச்சம். நூறாண்டுகளில் அவன் முகம் பலமுறை மாறியிருக்கிறது. எழுத்தாளர்களின் மனம் திருந்தியதால் நேர்ந்த மாற்றங்கள் சில. குடியேற்றச் சட்டமும் போர்க்கூட்டணியும் திரையரங்க வசூலும் செய்த மாற்றங்களே அதிகம்.

தோற்றம்

கலிஃபோர்னியாவின் தங்க வயல்களுக்கும் கண்டம் கடந்த ரயில் பாதைக்கும் கூலிகளாக வந்த சீனர்கள், வேலை முடிந்ததும் வேண்டாதவர்கள் ஆனார்கள். சீனத் தொழிலாளர் நுழைவைத் தடுக்கும் சட்டம் 1882இல் அமெரிக்காவில் நிறைவேறியது. அதற்குச் சற்று முன்பே பியர்டன் டூனர் என்பவர், சீனக் கூலிகள் அமெரிக்காவைக் கைப்பற்றிவிடுவதாக ஒரு வருங்கால வரலாற்று நாவலை எழுதிவிட்டார். சட்டம் வருவதற்கு முன்னரே கதை வந்துவிட்டது என்பது கவனிக்கத்தக்கது.

ஐரோப்பாவில் இந்த அச்சத்துக்குச் சித்திர வடிவம் கொடுத்தவர் ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம். 1895இல் அவர் கொடுத்த குறிப்போவியத்தை வைத்து ஹெர்மன் நாக்ஃபுஸ் ஒரு படம் வரைந்தார். அதில் ஐரோப்பிய நாடுகள் போர்க்கோலப் பெண்களாக ஒரு பாறைமேல் நிற்கின்றன. தொலைவில் புகைமண்டலத்தின் நடுவே வருவது புத்தர் உருவம். அபாயத்தின் சின்னமாகப் புத்தரைத் தேர்ந்தெடுத்த ஓவியம் உலகில் வேறு இருக்குமா என்பது ஐயமே. மூன்றாண்டு கழித்து, கரீபியத் தீவான மான்செராட்டில் பிறந்த எம். பி. ஷீல் எழுதிய ‘தி யெல்லோ டேஞ்சர்’ நாவலில் டாக்டர் யென் ஹவ் என்ற படித்த வில்லன் வந்தான். பின்னால் வந்த எல்லாருக்கும் இவனே மூதாதை.

1905இல் ஜப்பான் ரஷ்யாவைத் தோற்கடித்தது. அந்தப் போரைச் செய்தியாளராக நேரில் கண்டவர் ஜாக் லண்டன். 1910இல் வெளிவந்த அவருடைய ‘தி அன்பேரலல்ட் இன்வேஷன்’ சிறுகதை 1976ஆம் ஆண்டில் நடக்கிறது. கதையில் சீனா படையெடுப்பதில்லை. மக்கள்தொகை பெருகி எல்லை தாண்டி வழிகிறது, அவ்வளவுதான். அதற்கு மேற்கு நாடுகள் அளிக்கும் பதில், விமானங்களிலிருந்து கொள்ளைநோய்க் கிருமிகள் நிறைந்த கண்ணாடிக் குழாய்களைப் போடுவது. தப்பியோட முயல்வோரை எல்லையில் நிற்கும் படைகள் சுட்டுத் தள்ளுகின்றன. காலியான நிலத்தில் புதிய குடியேற்றம் நடக்கிறது. பாடநூல் எழுதும் நிதானத்தில் லண்டன் இதைச் சொல்லிச் செல்கிறார். இது அங்கதம் என்று வாதிடுவோர் உண்டு. ஆனால், அங்கதத்துக்குரிய சிறு கண்சிமிட்டல்கூடக் கதைக்குள் தென்படவில்லை. நாயகன் யார், வில்லன் யார் என்று இன்றைய வாசகர் கேட்டால், எழுதப்பட்ட காலத்துக்கு நேரெதிரான விடைதான் கிடைக்கும்.

ஃபூ மான்சூ

வகையை நிலைநிறுத்தியவர் சாக்ஸ் ரோமர். பர்மிங்ஹாமில் 1883இல் பிறந்த ஆர்தர் வார்டு என்பவரின் புனைபெயர் அது. 1912இல் இதழில் வரத் தொடங்கிய கதைகள் மறு ஆண்டு நூலாயின. ஃபூ மான்சூ மேலைப் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்ற விஞ்ஞானி. துப்பாக்கி அவனுக்குத் தேவையில்லை; நச்சுப் பூச்சி, பூஞ்சை, பாம்பு, மயக்கமருந்து ஆகியவையே ஆயுதங்கள். லண்டன் துறைமுகத்தை ஒட்டிய லைம்ஹவுஸ் பகுதியில் பதுங்கியிருந்து உலகை வெல்லத் திட்டமிடுகிறான். லைம்ஹவுஸில் அன்று வாழ்ந்த சீனர்கள் சில நூறு பேர்தாம். அவர்களில் பலர் மாலுமிகளும் சலவைக்கடைக்காரர்களும். ரோமர் 1959இல் இறக்கும்வரை இந்தப் பாத்திரம் அவருக்குச் சோறு போட்டது.

திரையில் அவனாக நடித்தவர்களின் பட்டியல் ஒரு தனிக்கதை. சுவீடனில் பிறந்த வார்னர் ஓலண்ட், ஆங்கிலேயரான போரிஸ் கார்லாஃப், பின்னர் 1960களில் ஐந்து படங்களில் கிறிஸ்டோபர் லீ. லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்த சீன வம்சாவளி நடிகை ஆனா மே வோங்குக்கு 1931இல் கிடைத்தது ஃபூ மான்சூவின் மகள் வேடம். சீனக் குடியானவப் பெண்ணை நல்லவளாகக் காட்டும் ‘தி குட் எர்த்’ 1937இல் படமானபோது நாயகி வேடம் ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரைனருக்குப் போயிற்று. அவர் ஆஸ்கரும் வாங்கினார். 1932இல் வெளியான ‘தி மாஸ்க் ஆஃப் ஃபூ மான்சூ’ படத்தை எதிர்த்து வாஷிங்டனிலிருந்த சீனத் தூதரகம் முறையீடு செய்தது. அதனால் படம் நின்றுவிடவில்லை. வலுவற்ற நாட்டின் முறையீட்டுக்கு ஸ்டூடியோக்கள் செவிசாய்க்கும் வழக்கம் அப்போது இல்லை.

விண்வெளிக்குப் போதல்

1928 ஆகஸ்டு ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழில் பிலிப் பிரான்சிஸ் நோலன் எழுதிய குறுநாவலில், அந்தோணி ரோஜர்ஸ் என்பவர் சுரங்க வாயுவில் மயங்கி 492 ஆண்டு உறங்கி 2419இல் கண்விழிக்கிறார். அமெரிக்காவை ஆள்பவர்கள் ஹான்கள் என்ற கிழக்காசியர். அவர்களிடம் வான்கலங்களும் சிதைவுக் கதிர்களும் இருக்கின்றன. இந்த ரோஜர்ஸ்தான் அடுத்த ஆண்டு பத்திரிகைப் படக்கதையில் பக் ரோஜர்ஸ் ஆனார். இரண்டாம் கதையின் முடிவில் நோலன் ஒரு வேலை செய்கிறார்: ஹான்கள் முழு மனிதர்களே அல்லர், வானிலிருந்து வந்து விழுந்த வேற்றுயிரின் கலப்பில் பிறந்தவர்கள் என்று சொல்லிவிடுகிறார். ஓர் இனத்தை அழித்தொழித்த நாயகனின் கையைக் கழுவிவிடும் உத்தி இது. அறிபுனைவு இதைப் பிறகு விடவே இல்லை.

1934 ஜனவரி 7ஆம் நாள் அலெக்ஸ் ரேமண்டின் ‘ஃபிளாஷ் கார்டன்’ தொடங்கியது. மிங் வேற்றுக்கோளின் பேரரசன். பூமியோடு அவனுக்குத் தொடர்பே இல்லை. ஆனால் பெயர் சீன அரச மரபின் பெயர், கோளின் பெயர் மோங்கோ, ஞாயிறு மலர்களில் அவன் தோலுக்குப் பூசப்பட்ட நிறம் மஞ்சள். சீனன் என்று ஓரிடத்திலும் சொல்லாமல் எல்லா இடத்திலும் காட்டுவது ரேமண்டின் திறமை; வரைகலையில் அவருக்கு நிகர் சிலரே என்பதால் அந்த முகம் ஊன்றியும் போயிற்று. 1936 முதல் மூன்று திரைத்தொடர்களில் மிங்காக நடித்த சார்லஸ் மிடில்டன் கென்டக்கிக்காரர். 1937 மார்ச்சில் வந்த ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ முதல் இதழின் அட்டையை நிறைத்ததும் இதே சாயலில் ஒரு சீன முகந்தான். டிசி நிறுவனத்துக்குப் பெயர் தந்த இதழ் அது, பேட்மேன் அதில் வர இன்னும் இரண்டாண்டு இருந்தது.

இந்திய வாசகருக்கு நெருக்கமான ஒரு கிளையும் உண்டு. லீ ஃபாக் 1936இல் தொடங்கிய ஃபேண்டம் கதைகளின் பரம்பரைப் பகைவர்கள் சிங் என்ற கடற்கொள்ளைக் கூட்டத்தார். தமிழில் வேதாளர் என்றும் ராணி காமிக்ஸில் மாயாவி என்றும் அறியப்பட்டவர் இந்த ஃபேண்டம்தான். டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964இல் இந்திரஜால் காமிக்ஸைத் தொடங்கியபோது சிங் என்பதைச் சிங்கா என்று திருத்தி, பெங்காலி என்ற நாட்டை டெங்காலி ஆக்கியது. பெயரை மாற்றினார்களே தவிர, வெள்ளைக்கார முகமூடி வீரர் கறுப்பின மக்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் அமைப்பில் யாரும் கைவைக்கவில்லை. படித்த நாமும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போரும் அதன் பிறகும்

1941 தொடக்கத்தில் ராபர்ட் ஹைன்லைன் தொடராக எழுதிய ‘சிக்ஸ்த் காலம்’ நாவலில் அமெரிக்கா ஆசியப் பேரரசு ஒன்றிடம் வீழ்கிறது. ஆறு பேர் ஓர் ஆய்வகத்திலிருந்து, இனம் பார்த்துக் கொல்லும் கதிரைக் கண்டுபிடித்து நாட்டை மீட்கிறார்கள். கதைக்கரு இதழாசிரியர் ஜான் கேம்பலுடையது. அதிலிருந்த இனவெறுப்பைத் தாம் குறைத்தே எழுதியதாக ஹைன்லைன் பிற்காலத்தில் சொன்னார். குறைத்த பிறகு எஞ்சியதே இவ்வளவு. அந்த ஆண்டின் இறுதியில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது. அடுத்த ஆண்டு சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பான்மையோர் அமெரிக்கக் குடிமக்கள். சீனா இப்போது நேசநாடு. ஃபூ மான்சூ திரைத்தொடருக்குத் திட்டமிட்டிருந்த தொடர்ச்சி கைவிடப்பட்டது, 1943இல் சீனர் தடைச் சட்டமும் நீக்கப்பட்டது. தூதரக முறையீட்டால் ஆகாததைப் போர்க்கூட்டணி செய்து முடித்தது.

முகாமில் சிறுவனாக வளர்ந்த ஜார்ஜ் டகேய் 1966இல் ‘ஸ்டார் டிரெக்’ கலத்தின் சுக்கான் பிடித்த சூலு ஆனார். ஒரு காட்சியில் அவர் கையில் சாமுராய் வாள் கொடுக்க எண்ணியபோது, ராபின் ஹூட் பாணியில் ஐரோப்பிய வாள்வீச்சே வேண்டும் என்று கேட்டுப் பெற்றார். இத்தனை தாராளமான அதே தொடரில், 1967இல் அறிமுகமான கிளிங்கான்களுக்குக் கருத்த மேனியும் செங்கிஸ்கானை நினைவூட்டும் மீசையும் தரப்பட்டன. நெற்றி மேடுகள் 1979 படத்தில்தான் முளைத்தன. பழைய முகம் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தது, எடுத்துக்கொண்டார்கள்.

1967இலேயே அத்தொடரில் வந்த கான் நூனியன் சிங், வட இந்தியச் சீக்கியனாக இருக்கலாம் என்று கதைக்குள்ளேயே சொல்லப்படும் மரபணு மேம்பட்ட சர்வாதிகாரி. நடித்தவர் மெக்சிகோவின் ரிக்கார்டோ மோன்டல்பான். 2013 படத்தில் அவ்வேடத்தை வெள்ளையரான பெனடிக்ட் கம்பர்பாட்ச் ஏற்றபோது எதிர்ப்பு எழுந்தது. பயங்கரவாதியை மாநிறத்தவனாகக் காட்டாததே நல்லது என்றும் சிலர் வாதிட்டனர். வில்லனின் இனத்தை நீக்கினால் அவதூறு குறைகிறது. கூடவே அந்த இனத்து நடிகருக்குக் கிடைத்திருக்கக்கூடிய கம்பீரமான வேடமும் போய்விடுகிறது. இம்முடிச்சு இன்னும் அவிழவில்லை.

மாண்டரின்

மாண்டரின் 1964 பிப்ரவரியில் அயர்ன் மேனின் எதிரியாகப் பிறந்தவன். கம்யூனிஸ்ட் சீனாவில் வாழ்ந்தாலும் அதற்கும் கட்டுப்படாதவன். அவன் அணியும் பத்து மோதிரங்களும் வேற்றுக்கோள் கலத்திலிருந்து எடுத்தவை. 1973இல் அறிமுகமான குங்ஃபூ வீரன் ஷாங்-சியை, ஃபூ மான்சூ பாத்திரத்துக்கு உரிமம் வாங்கி, மார்வெல் அவனுடைய மகனாக்கியது. நாயகன் சீனன், அவன் நாயகனாவது தந்தையை எதிர்ப்பதால் மட்டுமே.

2013இல் ‘அயர்ன் மேன் 3’ வந்தபோது சீனா பெரிய சந்தை. படத்துக்குப் பணம் போட்டவர்களில் சீன நிறுவனமும் ஒன்று. கதை நடுவில் மாண்டரின் என்பவன் கூலிக்கு நடிக்கும் குடிகார ஆங்கிலேய நடிகன் என்று தெரிகிறது; பென் கிங்ஸ்லி அந்த வேடத்தை ரசித்து நடித்தார். இனவாத வில்லனை இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக யாரும் கழற்றி வைக்கவில்லை. சீனாவுக்கென்று தனிப் பதிப்பு, கூடுதல் காட்சிகள், பால் பானத்துக்கு விளம்பரம் எல்லாம் சேர்ந்தன. 2016இல் ‘டாக்டர் ஸ்டிரேஞ்ச்’ படத்தில் திபெத்தியத் துறவியின் வேடம் டில்டா ஸ்விண்டனுக்குப் போனதற்கும் திபெத் என்ற பெயர் சீனாவில் ஏற்படுத்தக்கூடிய சிக்கலைக் காரணமாகக் கதையாசிரியர்களில் ஒருவர் வெளிப்படையாகச் சொன்னார்.

2021இன் ‘ஷாங்-சி’ படத்தில் தந்தை வென்வூவாக ஹாங்காங்கின் டோனி லியுங் நடித்தார். மனைவியை இழந்த துயரத்தில் நிலைகுலைந்த மனிதனாக அவர் செய்த வில்லனுக்கு முன் நாயகன் சற்று மங்கித்தான் தெரிகிறான். ஆயிரம் திருத்தங்களோடு வந்த அந்தப் படம் சீனப் பெருநிலத்தில் வெளியாகவே இல்லை. முந்தைய ஆண்டில் பிரிட்டனின் தணிக்கை வாரியம், 1980இன் ‘ஃபிளாஷ் கார்டன்’ படத்துக்கு மறுபடியும் சான்றளித்தபோது, சுவீடன் நடிகர் மாக்ஸ் வான் சீடோவின் மிங் பாத்திரத்தைச் சுட்டி, பாகுபாடான சித்திரிப்பு உண்டு என்ற எச்சரிக்கையைச் சேர்த்தது.

சீனாவிலிருந்து

செங்டுவின் ‘அறிபுனைவு உலகம்’ இதழில் 2006இல் தொடராக வந்த லியு சிசினின் மூவுடல் நாவல், கென் லியுவின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 2015இல் ஹியூகோ விருது பெற்றது. பண்பாட்டுப் புரட்சியில் தந்தை அடித்துக் கொல்லப்படுவதைக் கண்ட இயற்பியலாளர் யே வென்ஜியே, மனித குலத்தின்மேல் நம்பிக்கையற்று, வேற்றுலகத்தாரைப் பூமிக்கு வரவழைக்கிறார். அறிவியல் தேர்ந்த சீனர் உலகுக்கு அழிவு தேடுகிறார் என்று ஒரு வரியில் சுருக்கினால் ரோமரின் கதைபோலத் தொனிக்கும். இங்கே அவருக்கு ஓர் இளமை இருக்கிறது, காரணம் இருக்கிறது. அவரை எதிர்த்து நிற்போரும் சீனர்களே.

2024இல் நெட்ஃபிளிக்ஸ் இதைத் தொடராக்கியபோது கதையை இங்கிலாந்துக்கு மாற்றி, எதிர்த்து நிற்கும் விஞ்ஞானிகளைப் பல இனத்தவராகப் பிரித்துக்கொடுத்தது. யே வென்ஜியே மட்டும் சீனராகவே இருந்தார். சீன இணையத்தில் எழுந்த குறைகளில் ஒன்று இதுதான்: உலகைக் காப்போர் எந்நாட்டவராகவும் ஆகலாமாம், அதைக் காட்டிக்கொடுப்பவர் மட்டும் சீனராகவே இருக்க வேண்டுமாம். பண்பாட்டுப் புரட்சி இல்லாமல் அந்தப் பாத்திரம் இல்லை என்பதால் அவரை வேறு நாட்டவராக்க வழியில்லை என்ற பதிலும் அப்போதே சொல்லப்பட்டது.