விஞ்ஞானம் படித்தவர் எப்போது வாத்தியார் ஆகிறார்?

மண்டூர் என்றால் முதலில் முருகன் கோயில் ஞாபகம் வரும். அடுத்தது பாதை. குருமண்வெளித் துறையில் பாதையேறி வாவியைக் கடந்தால் மண்டூர். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை என்று எங்கட ஆக்கள் பிரித்து வைத்ததில், மண்டூர் படுவான்கரை. உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்ட அந்தக் கரைப் பிள்ளைகள் கனபேருக்கு வாவியைக் கடப்பதுதான் முதல் பாடம்.

"விஞ்ஞானம் படிச்ச ஆக்கள் வாறாங்கள் இல்ல" என்று லேசாகச் சொல்லிவிடுவோம். ஆனால் படித்தவர் வந்தால் மட்டும் போதுமா? இந்தக் கேள்விக்கு எங்கட மண்ணிலேயே ஒரு பழைய பதில் கிடக்கிறது.

காரைதீவில் 1892 இல் பிறந்த மயில்வாகனம், அதாவது பிறகு சுவாமி விபுலாநந்தர், முதலில் எடுத்தது விஞ்ஞானப் பட்டமில்லை. 1911 இல் கொழும்பில் ஆசிரியர் பயிற்சிக்குப் போனார். பயிற்சி முடித்து மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் படிப்பித்தார். அதன் பிறகுதான் விஞ்ஞான டிப்ளோமா, யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியர் வேலை, லண்டன் பி.எஸ்சி. எல்லாம். சுவாமியை நாங்கள் யாழ் நூலோடு மட்டும் நிறுத்திவிடுகிறோம். 1936 இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவர்தான். விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்லச் சொல் வேண்டும் என்பது, வகுப்பில் நின்று படிப்பித்தவருக்குத்தான் சுடும்.

இப்ப வரிசை தலைகீழ். எங்கட மாவட்டத்திலேயே பல்கலைக்கழகம் இருக்கிறது. 1981 இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமானது. தொடங்கும்போதே விஞ்ஞானமும் விவசாயமும் இருந்தன. எங்கட கலைப்பீடம் பிறகு வந்ததுதான். ஆனால் விஞ்ஞானபீட மாணவர் ஆங்கிலத்தில் படித்து, பட்டமெடுத்து, நியமனம் கிடைத்து நேரே வகுப்புக்குள் போகிறார். கற்பித்தலைப் படிக்கும் பட்டப்பின் கல்வி டிப்ளோமா பெரும்பாலும் அதற்குப் பிறகு, சனி ஞாயிறுகளில். அதுவரை அவரிடம் படித்த பிள்ளைகள்?

யுத்தத்தையும் மறக்க ஏலாது. 1990 இல் வந்தாறுமூலை வளாகமே அகதி முகாமானது. 2007 வரை படுவான்கரைக்குப் போவதென்றால் வாவியோடு சோதனைச் சாவடியையும் கடக்க வேணும். 2017 இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் வேலை கேட்டுப் பட்டதாரிகள் நாள்கணக்காகக் குந்தியிருந்ததும் இதே மாவட்டத்தில்தான். ஒரு பக்கம் வேலையில்லாப் பட்டதாரி, மறுபக்கம் விஞ்ஞான ஆசிரியர் இல்லாத வகுப்பு. யாரை, எதற்காக, எப்படித் தயார்படுத்துகிறோம் என்று யோசிக்காமல் விட்டதன் விலை அது.

ஒரு சின்ன உதாரணம். கம்பஸில் 'ஒஸ்மோசிஸ்' என்று படித்தவர் பத்தாம் வகுப்பில் 'பிரசாரணம்' என்று சொல்ல வேணும். சொல்லைக் கரும்பலகையில் எழுதிவிட்டால் பாடம் முடிந்துவிடாது. வாவியின் உப்புத்தண்ணி வயலுக்குள் ஏறினால் பயிர் ஏன் வாடுது, உப்புப் போட்ட மீனில் ஏன் தண்ணி விடுது என்பது மண்டூர்ப் பிள்ளைக்கு ஏற்கனவே தெரியும். அந்தத் தெரிந்ததையும் புத்தகச் சொல்லையும் கோர்ப்பதுதான் வாத்தியார் வேலை. அதைப் பழகத்தான் வேணும், பட்டத்தோடு தானாக வராது.

ஆகவே நாங்கள் கேட்பது பெரிய விசயமில்லை. விஞ்ஞானபீடத்தில் ஆசிரியராக விரும்புகிறவர்கள் படிக்கும் காலத்திலேயே ஒரு தவணையாவது படுவான்கரைப் பள்ளிக்கூடங்களில் ஒரு மூத்த ஆசிரியரோடு நின்று, தமிழில் படிப்பித்துப் பழகட்டும். அந்தத் தவணை பட்டத்தில் புள்ளியாகவும் சேரட்டும். அப்பதான் பிள்ளைகள் மட்டுமில்லாமல் சேர்மாரும் டீச்சர்மாரும் விரும்பிப் பாதையேறுவார்கள்.