அவசரமா இல்லையா எண்டு கடல்தான் சொல்லும்: தீவக ஆஸ்பத்திரிகளின் ஒரு சின்ன வரலாறு

பெரிய ஆஸ்பத்திரி எதுவெண்டாலும் அதன் அவசர சிகிச்சைப் பிரிவிலே ஒரு கேள்வி அடிக்கடி விழும்: "இதுக்கெல்லாம் ஏன் இங்க வந்தனீங்கள்?" ரெண்டு நாள் காய்ச்சல், ஆறாத புண், முடிஞ்சுபோன பிரஷர் குளிசை எண்டு வாறவையைப் பார்த்துக் கேட்கிற கேள்வி அது.

வெளிநாடுகளும் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கின்றன. 1990களில் லண்டன் கிங்ஸ் கொலிஜ் ஆஸ்பத்திரியும் டப்ளின் சென்ற் ஜேம்ஸ் ஆஸ்பத்திரியும் ஒரு வழியைச் சோதித்துப் பார்த்தன. அவசரமில்லாத நோயாளரைப் பார்க்க, அவசரப் பிரிவுக்குள்ளேயே குடும்ப மருத்துவர்களை இருத்தின. அவர்கள் எழுதிய பரிசோதனைகளும் குறைவு, நிபுணர்களிடம் அனுப்பியதும் குறைவு. 2017இல் இங்கிலாந்து அரசு இதே வழிக்கு 100 மில்லியன் பவுண் ஒதுக்கியது. ஆனால் 2018இல் கொக்ரேன் அமைப்பு ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தபோது கிடைத்தவை நாலே நாலு. இது நல்ல வழி எண்டு அடிச்சுச் சொல்ல அவை போதவில்லை.

இதையே எங்கட தீவகத்திலிருந்து பார்த்தால் படம் தலைகீழாகத் தெரியும். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் அவசரப் பிரிவுக்குள் குடும்ப மருத்துவரைப் புதுசாகக் கொண்டுவந்து இருத்தத் தேவையில்லை. சின்னத் தீவு ஆஸ்பத்திரியில் ரெண்டு வேலையும் எப்பவும் ஒருவருக்குத்தான். காலமை இருமலுக்கு மருந்து எழுதுகிறவர்தான் இரவு பாம்பு கடித்தவரையும் பார்க்கிறார். பிரச்சினை, அந்த ஆள் அங்கே நிலைத்து இருக்கிறாரா என்பதுதான்.

இது இண்டைக்கு நேற்று வந்த பிரச்சினை இல்லை. ஊர்ப் பரியாரிமார் மட்டுமே இருந்த காலத்தில், 1847இல், அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் இருந்து வைத்தியம் பார்த்தார், மாணவர்களையும் பழக்கினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க வேலை கிடைத்து வெளியே போனார்கள். ஊரிலேயே இருந்து ஊராரைப் பார்க்கிற வைத்தியர் வேணும் எண்டுதான் 1860களில் படிப்பைத் தமிழுக்கு மாற்றினார். 'இரண வைத்தியம்', 'வைத்தியாகரம்' போன்ற பெரிய நூல்கள் அப்படித்தான் தமிழில் வந்தன. மாணவர் தங்கள் உடையையும் சாப்பாட்டையும் மாற்றக்கூடாது எண்டும் அவர் சொன்னார். தமிழில் மருத்துவம் எண்டு நாங்கள் பெருமையாகப் பேசுகிறோம். அதுக்குப் பின்னால் இருந்த காரணத்தை, வைத்தியரை ஊரில் நிறுத்துவது எப்படி என்ற கவலையை, மறந்துவிடுகிறோம்.

அதே காலத்தில், 1850இல், அரசாங்க அதிபர் டைக் யாழ் நகரில் ஒரு ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். 1907இல் அரசாங்கம் பொறுப்பெடுத்த அந்த இடம்தான் இண்டைக்கு நாங்கள் பெரியாஸ்பத்திரி எண்டு சொல்லுகிற போதனா வைத்தியசாலை. நகரம் இப்படிப் பெருக, கிராமங்களுக்கும் தீவுகளுக்கும் கிடைத்தது அப்போதிக்கரிமார், பிறகு ஆர்.எம்.பி.மார், ஏ.எம்.பி.மார். எம்.பி.பி.எஸ். இல்லாதவர்கள் எண்டு அவர்களைக் குறைவாகப் பேசுவோரும் உண்டு. ஆனால் டொக்டர்மார் வர மறுத்த இடங்களைப் பல காலம் தாங்கியது அவர்கள்தான். 1951இல் அரச ஆஸ்பத்திரிக் கட்டணம் நீங்கியது. காசுத் தடை போனது, கடல் போகவில்லை.

பிறகு யுத்தம். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்த குமுதினிப் படகில் நடந்த படுகொலைக்குப் பிறகு, அந்தக் கடலைக் கடப்பதே பயமானது. 1990இலும் 1991இலும் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவுச் சனம் பெருமளவில் இடம்பெயர்ந்தது. சனம் போன ஊரில் ஆஸ்பத்திரி யாருக்கு?

இப்ப ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கோ. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஒரு மணித்தியாலம் அளவில். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை, பண்ணை தாண்டி யாழ்ப்பாணத்துக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். காத்துக் கடுமையெண்டால் படகே ஓடாது. காலமை நெஞ்சுக்குள் லேசாக ஏதோ செய்யுது. "பின்னேரம் வரைக்கும் பாப்பம்" எண்டு இருந்தால் கடைசிப் படகு போயிடும். அதனால் அவர் காலமைப் படகிலேயே ஏறிப் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறார். அங்கே போனபிறகு அது வெறும் வாய்வாக இருக்கலாம். பதிவில் அவர் 'அவசரமில்லாத நோயாளர்'. உண்மையில் அவர் கடலைக் கணக்கிட்டு எடுத்தது மிகப் புத்தியான முடிவு.

2018 ஜூலை 21 அன்று வடக்குக்கான 1990 இலவச அம்புலன்ஸ் சேவை யாழ்ப்பாணத்தில் தொடங்கியது. பெரிய உதவிதான். ஆனால் அது வந்து நிற்பது குறிகட்டுவான் இறங்குதுறையில். அதுக்கு அங்கால் கடற்படைப் படகு, இல்லாட்டி மீன்பிடிப் படகு.

அதே 2018இல் சுகாதார அமைச்சு ஒரு கொள்கையை வெளியிட்டது. ஒவ்வொரு சிறு ஆஸ்பத்திரிக்கும் அதைச் சுற்றியுள்ள சனத்தை ஒதுக்கி, குடும்ப மருத்துவம் போலத் தொடர்ந்து பார்ப்பதுதான் யோசனை. தீவகத்துக்கு மிகப் பொருத்தமானது. ஆனால் இடமாற்றம் எடுத்துக்கொண்டு போகிற டொக்டரால் இது நடவாது. கிளினிக் கொப்பியில் இருப்பது குளிசையின் பெயர் மட்டும்தான். இவர் பயந்தால்தான் வருவார், அவர் சாகக் கிடந்தாலும் வரமாட்டார் எண்ட விசயம் அதில் இல்லை. அது பல வருசம் ஊரோடு பழகினவருக்குத்தான் தெரியும்.

ஆகவே நகரத்து அவசரப் பிரிவின் வாசலில் ஒரு குடும்ப மருத்துவரை இருத்துவது நகரத்தின் நெரிசலைக் குறைக்கலாம். தீவாரின் நெரிசல் படகில்தான் தொடங்குகிறது. டொக்டர் இருக்கிறதுக்கு நல்ல வீடு, பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம், தீவுச் சேவைக்குப் பதவி உயர்வில் ஒரு மதிப்பு, தீவுப் பிள்ளையளே மருத்துவம் படித்துத் திரும்பி வர ஒரு வழி: கேட்க வேண்டியவை இவை. "ஏன் இங்க வந்தனீங்கள்?" எண்டு நோயாளியைக் கேட்க முதல், "அங்க உங்களைத் தெரிஞ்ச டொக்டர் ஆர் இருந்தவர்?" எண்டு கேட்பம். கிறீன் 1860களில் கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான்.