பெங்களூர்ப் பாதாளச் சாக்கடையில் கொழுப்புக் கட்டுப்பாடு

வீட்டுச் சமையலறைகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் இறைச்சிக் கடைகளிலிருந்தும் கழுவிவிடப்படும் எண்ணெய், நெய், விலங்குக் கொழுப்பு ஆகியவை நகரத்தின் பாதாளச் சாக்கடையைச் சேராமல் தடுப்பதும், சேர்ந்தவற்றை அகற்றுவதும், அகற்றியவற்றை வேறு உபயோகத்துக்குத் திருப்புவதும் சுகாதாரப் பொறியியலில் கொழுப்புக் கட்டுப்பாடு எனப்படும். கர்நாடகத்தின் தலைநகரான பெங்களூரில் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்கள் 1922ஆம் ஆண்டில் முதன்முதலாக அமைக்கப்பட்டன. அன்று முதல் இன்றுவரை நகரம் விரிந்த வரலாறும், அதன் உணவுப் பழக்கம் மாறிய வரலாறும், அதன் குழாய்கள் அடைபட்ட வரலாறும் ஒன்றோடொன்று பிணைந்தே வந்துள்ளன. கொழுப்பைப் பிடிப்பதற்கு உரிய இடம் அது பிறக்கும் சமையலறையின் வாயிலே. அங்கே தவறவிட்டால் அதற்குரிய விலையை வேறொருவர் செலுத்த நேரும் என்பதே அவ்வரலாறு உணர்த்தும் சாரம்.

கொழுப்பின் இயல்பு

எண்ணெய் நீரினும் அடர்த்தி குறைந்தது. ஒரு லிட்டர் எண்ணெயின் எடை ஏறத்தாழ 900 கிராம். வெந்நீரோடும் சோப்புத்தூளோடும் கலந்து பாத்திரத்தை விட்டு நீங்கும்போது அது நீரில் கரைந்துபோனதுபோல் தோன்றினும், குழாயினுள் சிறிது தூரம் சென்று குளிர்ந்ததும் மறுபடி பிரிந்து மேலே மிதக்கவும், குழாயின் உட்சுவரில் ஒட்டவும் தொடங்குகிறது. வனஸ்பதி, நெய், பாமாயில் போன்று மிதமான குளிரிலேயே உறையும் இயல்புடையவை, கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் குளிர்ந்த சீதோஷ்ணத்தை உடைய பெங்களூரில் எளிதில் படிகின்றன.

இப்படிவு வெறும் உறைந்த எண்ணெய் அன்று. பலமுறை காய்ச்சப்பட்டதாலும், சாக்கடையில் வாழும் நுண்ணுயிர்களின் செயலாலும், எண்ணெயிலிருந்து கொழுப்பு அமிலங்கள் விடுபடுகின்றன. கடினநீரிலும் கான்கிரீட்டிலும் உள்ள கால்சியம் அவ்வமிலங்களோடு கூடி, நீரில் கரையாத கெட்டிச் சோப்பாக மாறுகிறது. மைசூர் சமஸ்தானம் 1916இல் பெங்களூரில் ஸ்தாபித்த அரசாங்கச் சோப்புத் தொழிற்சாலையில் எண்ணெயும் காரமும் கூடி மணமுள்ள சோப்பாக மாறியதும் இவ்வகை ரசாயன மாற்றமே. அங்கே சோடியம் சேர்ந்து கரையும் சோப்பு கிடைத்தது, சாக்கடையிலோ கால்சியம் சேர்ந்து கல்லைப் போன்ற சோப்பு கிடைக்கிறது. லண்டன் மாநகரின் வைட்சாப்பல் பகுதியில் 2017ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட கொழுப்புப் பாறை 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையும் கொண்டிருந்தது என்பதிலிருந்து, கவனியாது விடின் இம்மாற்றம் எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதை ஊகிக்கலாம்.

சாக்கடைக் குழாய்கள் தம்மைத் தாமே சுத்தம் செய்துகொள்ளும் வண்ணம், அவற்றுள் நீர் வினாடிக்கு 0.6 மீட்டருக்குக் குறையாத வேகத்தில் ஓடவேண்டும் என்பது இந்தியப் பொறியாளர்கள் கைக்கொள்ளும் விதி. உட்சுவரில் கொழுப்புப் படியும்போது குழாயின் விட்டம் குறுகுகிறது. ஓட்டம் தடைபட்டுப் பின்தங்கிய நீரில் மணலும் துணியும் பிளாஸ்டிக்கும் தங்குகின்றன. அவை மேலும் கொழுப்பைப் பற்றிக்கொள்கின்றன. இறுதியில் மழையற்ற நாளிலும் மேன்ஹோல் மூடியைத் தள்ளிக்கொண்டு கழிவுநீர் தெருவில் பெருகுகிறது.

நகர அமைப்பும் சாக்கடையின் வளர்ச்சியும்

1537ஆம் ஆண்டில் கெம்பே கௌடர் நிறுவியதாகக் கூறப்படும் பெங்களூர், பெருநதி எதன் கரையிலும் அமையாது ஒரு மேட்டின் முகட்டில் அமைந்தமையால், பெய்த மழையை ஏரிகளில் தேக்கி, ராஜகாலுவே எனப்படும் கால்வாய்களால் அவ்வேரிகளை ஒன்றோடொன்று இணைத்து வாழ்ந்தது. முகட்டின் மேற்குச் சரிவில் விருஷபாவதிப் பள்ளத்தாக்கும், கிழக்கே கோரமங்கலம்–சல்லகட்டா, ஹெப்பாள் முதலிய பள்ளத்தாக்குகளும் இறங்குகின்றன. மேற்கே இறங்கும் நீர் அர்க்காவதி வழியே காவிரியையும், கிழக்கே இறங்கும் நீர் தட்சிண பினாகினி எனப்படும் தென்பெண்ணையையும் சேருவதால், பெங்களூரின் கழிவுநீர் நிர்வாகம் தமிழகத்துக்கும் நேரான சம்பந்தம் உடையது; ஓசூருக்கு அருகிலுள்ள கெலவரப்பள்ளி அணையில் அடிக்கடி நுரை பொங்கி நிற்பது இச்சம்பந்தத்தின் சான்றாகும்.

1809இல் தோன்றிய கண்டோன்மெண்ட் ஒருபுறமும் பழைய பேட்டை மறுபுறமுமாக நகரம் இரண்டாய் வளர்ந்த காலத்தில், கழிவு திறந்த கால்வாய்களிலும் வீடுகளின் பின்புறச் சந்துகளிலும் அகற்றப்பட்டு வந்தது. 1898ஆம் ஆண்டின் பிளேக் நோய் சுகாதாரத்தின்பால் அரசின் கவனத்தைத் திருப்பிற்று. அதன்பின் பசவனகுடியும் மல்லேஸ்வரமும் அகன்ற தெருக்களோடு வளர்ந்தன. 1922இல் நகரின் மையப் பகுதியில் தொடங்கிய பாதாளச் சாக்கடை, நகரும் கண்டோன்மெண்டும் 1949இல் ஒரே மாநகராட்சியாக இணைந்த பின்னர் மேலும் விரிந்தது. குடிநீரையும் கழிவுநீரையும் ஒருங்கே பரிபாலிக்கத் தனி வாரியம் ஒன்று 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. நகரத்தார் அதனை ஜலமண்டலி என்றே அழைப்பர். 1974இல் காவிரி நீரின் முதற்கட்டம் வந்து சேர்ந்தபின், நகருக்குள் வரும் நீர் பெருகப் பெருக, வெளியேறும் கழிவுநீரும் பெருகிற்று.

உணவகங்களின் பெருக்கம்

குழாய்களில் கொழுப்பு மிகுந்ததற்கு உணவகங்களின் வளர்ச்சியை அறியாமல் காரணம் காண்பது இயலாது. 1924இல் மாவள்ளி டிபன் ரூம்ஸும், 1943இல் காந்தி பஜாரில் வித்யார்த்தி பவனும் தோன்றி, வெண்ணெயும் நெய்யும் மணக்கும் தோசையை நகரின் அடையாளமாக்கின. 1983இல் ஜயநகரில் தொடங்கிய கஃபே தர்ஷினி, நின்றுகொண்டே உண்ணும் சிற்றுண்டிச் சாலை என்னும் புதிய முறையைப் பரப்பிற்று. குறைந்த விலையில் சுத்தமான உணவைச் சாமானியருக்கும் அளித்த தர்ஷினிகள் பெங்களூரின் பெருமைக்கு உரியவையே. எனினும் குறுகிய இடத்தில் நெருங்கி அமைந்த சமையலறைகளில், கழிவுநீரைச் சற்று நேரம் நிறுத்திவைக்கும் தொட்டிக்கு இடம் காண்பது எளிதன்று. கணினித் தொழிலின் அபிவிருத்தியால் ஜனத்தொகை பெருகியபோது, வீடுகளை மனத்திற்கொண்டு இடப்பட்ட தெருக் குழாய்களில், வீடுகள் உணவகங்களாக மாறிய தெருக்களின் கழிவும் வந்து கலந்தது.

கொழுப்புப் பொறி

வழக்கில் கிரீஸ் டிராப் எனப்படும் கொழுப்புப் பொறிக்கு, அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த நதானியேல் வைட்டிங் 1884ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அதன் தத்துவம் இன்றளவும் மாறவில்லை. கழுவுமிடத்திலிருந்து வரும் நீர் ஒரு தொட்டியில் நுழைந்து வேகம் தணிகிறது. தணிந்து குளிரும் நேரத்தில் எண்ணெய் மேலே மிதக்க, பருக்கையும் மண்டியும் கீழே படிய, இடையிலுள்ள நீர் மட்டும் தடுப்புச் சுவருக்கு அடியே நுழைந்து வெளியேறுகிறது. நீர் கொதிக்கும் நிலையில் வந்தாலும், சோப்பு மிகுந்து எண்ணெயை நுண்துளிகளாகச் சிதறடித்தாலும், தொட்டியின் அளவு வரும் நீரின் அளவுக்குப் பொருந்தாவிடினும் பிரிதல் நிகழாது. மிதந்த கொழுப்பும் படிந்த மண்டியும் சேர்ந்து தொட்டியின் ஆழத்தில் கால் பங்கை எட்டுமுன் அவற்றை அள்ளிவிடவேண்டும் என்பது பல நாடுகளில் அனுசரிக்கப்படும் விதி. அள்ளப்படாத பொறி, பொறி இல்லாமைக்குச் சமானம். தட்டிலும் வாணலியிலும் எஞ்சிய எண்ணெயைக் கழுவுமுன் காகிதத்தால் துடைத்தெடுப்பது பொறியின் சுமையைப் பெரிதும் குறைக்கும்.

சட்டமும் அளவும்

நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இல் பாராளுமன்றத்தில் நிறைவேற, அதே ஆண்டில் கர்நாடக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1993இல் வெளியான பொது அளவுகள், பொதுச் சாக்கடையில் விடப்படும் கழிவுநீரில் எண்ணெயும் கொழுப்பும் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்றும், உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படுவதில் 10 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்றும் வகுத்தன. ஒரே ஒரு லிட்டர் எண்ணெயைச் சாக்கடைக்குரிய வரம்புக்குள் கொண்டுவர 45,000 லிட்டர் நீர் வேண்டும் என்று கணக்கிட்டால், நீரைப் பெருக்கிக் கொழுப்பைத் தீர்க்கலாம் என்னும் எண்ணம் எத்துணை தவறானது என்பது விளங்கும். தொலைவிலுள்ள காவிரியிலிருந்து மின்சாரம் செலவிட்டு மேட்டுக்கு நீரை ஏற்றும் பெங்களூருக்கு அவ்வழி ஒருபோதும் பொருந்தாது.

பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகள் தம் கழிவுநீரைத் தாமே சுத்திகரிக்கவேண்டும் என்னும் நியதி பெங்களூரில் பரவியபின், கொழுப்பு ஓட்டல்களின் பிரச்சினை மட்டுமன்றிக் குடும்பங்களின் பிரச்சினையுமாயிற்று. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2011இல் வெளியிட்ட, அனந்த் கோடவாசல் எழுதிய சுத்திகரிப்பு நிலையக் கையேடு, எண்ணெய்ப் பொறியைச் சுத்திகரிப்பின் ஓர் அங்கமாகவே விளக்குகிறது.

சுத்திகரிப்பு நிலையங்களில்

காற்றூட்டி வளர்த்த நுண்ணுயிர்ச் சேற்றால் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் முறை, மான்செஸ்டரில் கில்பர்ட் ஃபௌலரின் தூண்டுதலால் ஆர்டன், லாக்கெட் என்னும் இருவரால் 1914இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அந்த ஃபௌலரே 1916இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்குப் பேராசிரியராக வந்து பணியாற்றினார் என்பது இந்நகரின் சுகாதார வரலாற்றில் நினைவுகூரத்தக்கது. அம்முறைக்குக் கொழுப்பு பெரும் பகை. சேற்றுத் திரளைகளை எண்ணெய் மூடிக்கொண்டால் பிராணவாயு நுண்ணுயிர்களை எட்டாது. திரளைகள் கீழே படியாமல் மிதக்கும். சுத்திகரித்த நீரோடு அவையும் வெளியேறும்.

1970களில் விருஷபாவதி, கோரமங்கலம்–சல்லகட்டாப் பள்ளத்தாக்குகளில் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தபோதிலும், நகரம் பெருகிய வேகத்துக்கு அவை ஈடுகொடுக்கவில்லை. பெல்லந்தூர் ஏரி 2015இலும் 2017இலும் 2018 ஜனவரியிலும் தீப்பற்றி எரிந்த செய்தி உலகெங்கும் பரவிற்று. சுத்திகரிக்கப்படாத கழிவுநீர், சோப்புத்தூளின் பாஸ்பேட்டு, கரையில் குவிந்த குப்பையும் காய்ந்த களையும் எனப் பல காரணங்கள் கூடிய அந்த அவலத்தை எண்ணெய் ஒன்றின் மேல் மட்டும் சுமத்துவது நியாயமன்று. ஆயினும் சமையலறையில் கண்ணுக்கு மறைந்தது எதுவும் பள்ளத்தாக்கின் அடியில் மறைவதில்லை என்பதை அது தெளிவாக்கிற்று. 2018 முதல் கோரமங்கலம்–சல்லகட்டாப் பள்ளத்தாக்கில் சுத்திகரிக்கப்பட்ட நீர் வறண்ட கோலார் மாவட்டத்தின் ஏரிகளுக்குச் செலுத்தப்படுவதால், நகரத்தின் கழிவு இன்று பிறரின் நிலத்தடி நீருக்கு ஊற்றாகவும் ஆகியுள்ளது.

குழியில் இறங்கும் மனிதர்

அடைபட்ட குழாயைத் திறக்க நெடுங்காலம் மனிதனே குழியில் இறக்கப்பட்டான். தேங்கிய கழிவில் பிறக்கும் ஹைட்ரஜன் சல்பைடு ஓரிரு மூச்சில் உயிரைப் பறிக்கவல்லது. இவ்வேலை பரம்பரையாகச் சில சாதியாரின் தலையிலேயே கட்டப்பட்டு வந்தது இந்நாட்டின் பெரும் பழி. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் முதற்சட்டம் 1993இல் வந்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புச் சாதனமின்றிச் சாக்கடையில் ஆளை இறக்குவதையும் குற்றமாக்கிற்று. சாக்கடையில் இறந்தோரின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வழங்குமாறு 2014இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023இல் அதனை முப்பது லட்சமாக உயர்த்தியது. 2025 ஜனவரியில் பெங்களூர் உட்பட ஆறு பெருநகரங்களில் சாக்கடையை மனிதர் சுத்தம் செய்வது நிறுத்தப்படவேண்டும் என்று கட்டளையிட்டது. கோலார் தங்கவயலில் பிறந்து இவ்விழிவுக்கு எதிராகப் போராடிய பெஜவாடா வில்சனுக்கு 2016ஆம் ஆண்டு மகசேசே விருது கிடைத்தது. நீரை வேகமாகப் பீய்ச்சி அடைப்பை உடைக்கும் ஜெட்டிங் வண்டிகளும் கசட்டை உறிஞ்சும் வண்டிகளும் இன்று உபயோகத்தில் உள்ளன. ஆனால் பல நாள் இறுகிய கொழுப்பு இயந்திரத்துக்கும் எளிதில் இளகாது என்பதால், அடைப்பே நேராமல் காப்பதுதான் தொழிலாளியின் உயிருக்கு உறுதியான காவல்.

பழகிய எண்ணெயின் மறுபயன்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், மீண்டும் மீண்டும் காய்ச்சுவதால் உண்டாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்துக்கு மேற்பட்ட எண்ணெயைச் சமையலுக்கு உபயோகிக்கலாகாது என்னும் விதியை 2018 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தி, அவ்வாண்டு ஆகஸ்டில் பழகிய எண்ணெயைச் சேகரித்து உயிரி டீசலாக்கும் ரூகோ திட்டத்தையும் தொடங்கியது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்க உபயோகிக்கும் நிறுவனங்கள் அதற்குக் கணக்கு வைக்கவேண்டும். வீசியெறியப்பட்ட பொருளுக்கு விலை பிறந்ததனால், எண்ணெய் சாக்கடைக்குச் செல்லாமல் தடுக்கப் பொருளாதாரமும் துணைநிற்கிறது.

மதிப்பீடு

பெரிய குழாய், பெரிய நிலையம், வலிய இயந்திரம் என்று நகர நிர்வாகம் கீழ்நோக்கியே தேடிய பரிகாரங்கள் அவசியமானவை. ஆயினும் அவை கொழுப்பைப் பின்தொடர்ந்து ஓடுபவையே அன்றி அதனை நிறுத்துபவை அல்ல. புதிய உணவகத்துக்கு உரிமம் வழங்கும்போதே தக்க அளவுள்ள பொறியைக் கேட்பதும், அது அள்ளப்பட்ட தேதிகளைப் பதிவேட்டில் சரிபார்ப்பதும், இடமில்லாத சிறு கடைகள் சில சேர்ந்து ஒரு பொதுத் தொட்டி அமைத்துக்கொள்ள வழிசெய்வதும், வீட்டார் பழகிய எண்ணெயைக் கொடுப்பதற்கு வார்டுதோறும் இடம் அமைப்பதும் செலவு மிகுந்த காரியங்கள் அல்ல. தோசைக்கல்லுக்கு அருகில் தொடங்கும் இந்த ஒழுங்கு, பள்ளத்தாக்கின் ஏரிக்கும் கோலாரின் உழவனுக்கும் தென்பெண்ணைக் கரையில் வாழ்வோருக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக, குழிக்கு அருகே நின்று வேலை செய்யும் தொழிலாளிக்கும் நகரம் செலுத்தவேண்டிய கடமையாகும்.