கண்டி மலைகளும் ஆங்கிலச் சொற்களும்

ஆங்கில மொழியின் வரலாற்றை எழுதுவோர் 1066ஆம் ஆண்டின் நோர்மன் படையெடுப்பைக் கூறாது விடுவதில்லை. தொழுவத்தில் நின்ற எருதுக்குச் சக்சன் குடியானவனின் 'ஒக்ஸ்' என்னும் சொல் நிலைத்தது. அதன் இறைச்சி பிரபுக்களின் பந்திக்குச் சென்றபோது பிரெஞ்சு வழிவந்த 'பீவ்' ஆயிற்று. உழைத்தவன் சொல்லும் உண்டவன் சொல்லும் வேறாயின. இதனையொத்த நிகழ்ச்சியைக் காண நாம் இங்கிலாந்து செல்லவேண்டியதில்லை. பேராதனையைச் சூழ்ந்த மலைகளே போதும்.

இனிப்புப் பண்டத்தைக் குறிக்கும் 'கண்டி' என்னும் ஆங்கிலச் சொல்லை நமது நகரோடு இணைத்து மாணவர் நகைப்பதுண்டு. அது அரபு வழியாக ஐரோப்பா சென்ற சொல்; நகரின் பெயரோ 'கந்த உட ரட' என்பதைப் போர்த்துக்கேயர் திரித்து வழங்கியதன் விளைவு.

கண்டி இராச்சியத்தை ஆங்கில வாசகர் விரிவாக அறிந்தது ஒரு கைதியின் வாயிலாகவே. 1660இற் கொட்டியாரத்திற் சிறைப்பட்ட றொபேட் நொக்ஸ், ஏறக்குறைய 20 ஆண்டுகள் இங்கு வாழ்ந்து, 1679இல் தப்பிச் சென்று, 1681இல் இலண்டனில் தமது நூலை வெளியிட்டார். புத்தரின் பெயரை ஆங்கிலத்திற் பொறித்த மிகப் பழைய நூல்களுள் அது ஒன்று. தப்பியோடும் வழியில் அநுராதபுரத்தில் தாம் கண்டோர், கண்டி அரசின் குடிகளாயிருந்தும் சிங்களம் அறியாத 'மலபாரிகள்', அஃதாவது தமிழர், என அவர் எழுதியிருப்பதும் நம் கவனத்திற்குரியது.

1815இல் இராச்சியம் வீழ்ந்தபின் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பயிரிட்டார். தென்னிந்தியாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர் திரளாக வந்தனர். அவர்களோடு 'கங்காணி' என்னும் சொல் ஆங்கிலத்தில் வேரூன்றியது. 'துண்டு' என்பதும் தோட்ட ஆங்கிலத்தில் வழங்கிற்று. தொழிலாளியின் கடனைப் புதிய தோட்டம் தீர்த்தால் அவனை விடுவிப்பதாகப் பழைய தோட்டம் கொடுத்த சீட்டு அது. 1921இற் சட்டம் அதனை ஒழித்தது. மறுபுறம், ஆங்கில 'லைன்' தமிழில் லயமாயிற்று, 'பரேட்' பெரட்டாயிற்று. தொழிலாளி வாழ்ந்த இடத்துக்கும் விடியலில் அணிவகுத்து நின்ற களத்துக்கும் ஆண்டவனின் மொழியே பெயரிட்டது. கிள்ளிய கொழுந்து மட்டும் கொழுந்தாகவே நின்றது.

துரைமாருக்குத் தமிழ் கற்பிக்க எழுந்த கைந்நூல் ஒன்றின் பெயரே 'இங்கே வா' என்பது. ஏவல்வினை ஒன்றே போதுமென்று கருதினர் போலும்! ஒரு மொழியை ஏவலாக மட்டும் கற்றவர் அம்மொழியில் மறுமொழி கேட்க விரும்பியிரார்.

கங்காணி ஒக்ஸ்போட் அகராதியில் இடம்பெற்றான். அச்சொல்லை வழங்கிய மக்களுட் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். எஞ்சிய மரபினருக்கு அவ்வுரிமையை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது.